விரிச்சியும் அழைப்பும்: அகுஸ்தீனாரின் ஒப்புகை நூலில் தற்செயல் நிகழ்ச்சி

பத்துப்பாட்டுள் அடியளவாற் சிறியது முல்லைப்பாட்டு. நப்பூதனார் இயற்றிய அப்பாட்டின் 103 அடிகளுள் முற்பகுதியில் ஒரு காட்சி அமைந்துள்ளது. போர்மேற் சென்ற தலைவன் மீளாமையால் தலைவி வருந்துகின்றாள். முதுபெண்டிர் மாலைக் காலத்தே ஊர்ப்புறஞ் சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவிக் கைதொழுது விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அவ்வேளை ஆய்மகள் ஒருத்தி, தாயைக் காணாது அலமரும் கன்றினை நோக்கி, அதன் தாய் விரைவில் வந்துவிடும் என்று தேற்றுகின்றாள். அவள் கூறியது கன்றுக்கு; முதுபெண்டிர் கொண்டதோ தலைவிக்கு. தலைவன் வருவது உறுதி என்று கூறி அவளை ஆற்றுவிக்க முயல்கின்றனர்.

இக்காட்சியோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க பிறிதொரு காட்சி மேலைநாட்டு இலக்கியத்தில் உண்டு. கி.பி. 386ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மிலான் நகரில், ஒரு வீட்டுத் தோட்டத்தில், அத்திமரத்தின் அடியில் வீழ்ந்து ஒருவர் அழுதுகொண்டிருந்தார். அவர் அந்நகரில் சொற்கலை கற்பித்த ஆசிரியர், அகவை 31. அண்டை வீட்டிலிருந்து சிறுவனோ சிறுமியோ பாடுவது போன்ற குரல் ஒன்று கேட்டது. எடுத்துப் படிக்குமாறு அக்குரல் மீண்டும் மீண்டும் கூறியது. அவர் எழுந்து சென்று பவுலடியாரின் நிருபங்கள் அடங்கிய ஏட்டினைத் திறந்து, முதலிற் கண்பட்ட பகுதியைப் படித்தார். அவர்தம் வாழ்வு அன்றே திசை மாறிற்று. அவரே பின்னாளில் கிறித்தவத் திருச்சபையின் பேரறிஞருள் ஒருவராய் விளங்கிய அகுஸ்தீனார்.

பிறர்க்கென எழுந்த சொல்லைத் தமக்கெனக் கொள்ளுதல் இரு காட்சிக்கும் பொது. முன்னதனை நிமித்தம் பார்த்தல் என்கின்றோம். பின்னதனை அருட்செயல் என்று கிறித்தவர் போற்றுவர். அவ்வாறு பிரித்துரைத்தற்கு நூலகத்தே சான்று உண்டா? அன்றி, நம்முடையது நம்பிக்கை, பிறருடையது மூடநம்பிக்கை என்னும் வெறும் வழக்குத்தானா? இவ்வினாவினை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மருத்துவர் உரைத்த விடை

அகுஸ்தீனார் கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரிற் பிறந்து 430இல் இப்போ நகரில் மறைந்தவர். அவர் இலத்தீன் மொழியில் இயற்றிய 'கொன்பெசியோனெஸ்' என்னும் நூல் 397ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பெற்றது. 13 பகுதிகளை உடையது. அத்தலைப்புக் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதலையும் இறைவன் புகழை ஏற்றுரைத்தலையும் ஒருங்கே குறிப்பதாகலின் ஈண்டு 'ஒப்புகை நூல்' என வழங்குவாம்.

தோட்டக் காட்சி எட்டாம் பகுதியில் உள்ளது. ஆயின் அதனை விளக்குதற்குரிய திறவுகோல் நான்காம் பகுதியிலேயே கிடக்கின்றது. இளமையில் அகுஸ்தீனார் சோதிட நூல்களில் மிக்க பற்றுடையராய் இருந்தார். விந்திசியானுஸ் என்னும் முதிய மருத்துவர் அவற்றை எறிந்துவிடுமாறு அவருக்கு அறிவுறுத்தினார். சோதிடர் கூற்றுப் பல மெய்யாதல் எவ்வாறு என்று இளைஞர் வினவினார். அது தற்செயலின் ஆற்றல் என்பது மருத்துவர் விடை. அதற்கு அவர் காட்டிய உவமை நம் கருத்தை ஈர்ப்பது. ஒருவன் ஏதேனும் ஒரு புலவன் நூலை நினைத்தவாறு திறக்கின்றான். புலவன் பாடியது முற்றும் வேறு பொருள். எனினும் திறந்தவன் மனத்திலுள்ள செய்திக்கு வியத்தகு முறையிற் பொருந்தும் அடி பன்முறையும் கண்ணிற் படுகின்றது. சோதிடம் பலித்தலும் இத்தகையதே என்றார் அவர்.

ஏழாம் பகுதியில் இக்கருத்து மேலும் வலியுறுகின்றது. பிர்மினுஸ் என்னும் நண்பர் பிறந்த அதே கணத்தில் வேறொரு வீட்டின் அடிமைப் பெண்ணுக்கும் மகவு பிறந்தது. இருவர்க்கும் கோள்நிலை ஒன்றே. பிர்மினுஸ் செல்வமும் சிறப்பும் எய்தினார். மற்றவன் அடிமையாகவே உழன்றான். ஒரே கணிப்பிலிருந்து இரு வாழ்வினையும் சரியாகக் கூறுதல் இயலாது. ஆகவே மெய்யாய் உரைக்கப்பட்டவை கலையால் அன்றித் தற்செயலால் உரைக்கப்பட்டவையே என அகுஸ்தீனார் முடிவு செய்கின்றார்.

இங்கே ஒரு முரண் எழுகின்றது. நினைத்தவாறு ஏட்டைத் திறந்து பொருத்தங் காணுதல் வெறுந் தற்செயல் என்று நான்காம் பகுதியில் எழுதிய அதே கை, எட்டாம் பகுதியில் தாமே அவ்வாறு ஏட்டைத் திறந்து வாழ்வு மாறியதை எழுதுகின்றது. சொற்கலை வல்லார் ஒருவர் இம்முரணை அறியாது விட்டார் எனல் பொருந்தாது. அறிந்தே இரண்டனையும் ஒரு நூலில் வைத்தார் என்றே கொள்ளல் வேண்டும். இரண்டிற்கும் இடையே அவர் கண்ட வேறுபாடு யாது என்பதே வினா.

2. தோட்டக் காட்சியின் நுட்பங்கள்

எட்டாம் பகுதியை ஊன்றிப் படிப்பார்க்கு மூன்று நுட்பங்கள் புலனாகும்.

முதலாவது, குரல் கேட்டவுடன் அகுஸ்தீனார் செய்தது. அவர் அதனை உடனே தெய்வக் குரல் என்று கொண்டாரல்லர். முகம் மாறி, சிறார் தம் விளையாட்டில் இவ்வாறு பாடும் வழக்கம் உண்டோ என்று கருத்தூன்றி எண்ணினார். எங்கும் அவ்வாறு கேட்டதாக அவருக்கு நினைவில்லை. அதன் பின்னரே அதனைத் தமக்கு இட்ட ஆணையாகக் கொண்டார். இயற்கைக் காரணத்தை முதலில் தேடிய இச்செயல், அழுது துவண்டிருந்த அந்நிலையிலும் அவர்தம் அறிவு உறங்கவில்லை என்பதனைக் காட்டும்.

இரண்டாவது, அந்த ஏடு அவருக்குப் புதியதன்று. பவுலடியாரின் எழுத்துகளை அவர் முன்னரே ஆர்வத்துடன் பயின்று வந்தமை ஏழாம் பகுதியின் இறுதியில் உரைக்கப்படுகின்றது. அன்றைய நாளிலேயே பொந்திசியானுஸ் என்னும் விருந்தினர், ஆட்ட மேசைமேற் கிடந்த அவ்வேட்டைத் தற்செயலாகக் கண்டு எடுத்தார். சொற்கலை நூலாக இருக்கும் என்று எண்ணியவர் அது பவுலடியாரின் ஏடு என்று கண்டு வியந்தார். அதிலிருந்து பேச்சு வளர்ந்து, எகிப்து நாட்டு வனத்து அந்தோனியாரின் வரலாறு சொல்லப்பட்டது. அந்தோனியாரும் கோயிலில் நுழைந்தபொழுது வாசிக்கப்பட்ட நற்செய்திப் பகுதியைத் தமக்கே கூறியதாகக் கொண்டு தம் உடைமையைத் துறந்தவர். ஆகவே அகுஸ்தீனார் ஏட்டைத் திறந்தமை காரணமின்றி நிகழ்ந்ததன்று. நெடுநாட் பயிற்சியும் அன்றைய உரையாடலும் அவரை அவ்விடத்திற்குக் கொண்டு நிறுத்தின. திறந்த ஏட்டில் தமக்கேற்ற அறிவுரை ஒன்று கிடைத்தல் அத்துணை அரிய நிகழ்ச்சியும் அன்று. இதனை அவர் மறைக்கவில்லை, தாமே எடுத்துரைக்கின்றார்.

மூன்றாவது, கண்பட்ட பகுதியின் இயல்பு. அஃது உரோமையர் நிருபம் 13ஆம் அதிகாரத்தின் இறுதி. களியாட்டும் காமமும் பூசலும் பொறாமையும் ஒழித்துக் கிறித்துவை அணிந்துகொள்ளுமாறு அது பணிக்கின்றது. வருங்காலம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நன்மை வரும் என்றோ தீமை நீங்கும் என்றோ அது கூறவில்லை. படிப்பவர் தம் நடையை மாற்றல் வேண்டும் என்பது மட்டுமே அதன் பொருள்.

3. பாடவேறுபாடும் அதன் பயனும்

இக்காட்சி மெய்யாக நிகழ்ந்ததா என்னும் ஐயம் அறிஞரிடையே நெடுங்காலமாக உண்டு. பிரெஞ்சு அறிஞர் பியேர் கூர்செல் 1950இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், இது பெரும்பாலும் இலக்கியப் புனைவும் குறியீடும் ஆகும் என வாதிட்டார். மனமாற்றத்தையடுத்து 386இலேயே இயற்றப்பெற்ற உரையாடல் நூல்களுள் ஒன்றில், பவுலடியாரின் ஏட்டை விரைந்து எடுத்துப் படித்த செய்தி உண்டு. சிறார் குரல் இல்லை.

இவ்வாராய்ச்சியில் ஒரு பாடவேறுபாடு இடம்பெறுகின்றது. பெரும்பான்மைச் சுவடிகளில் குரல் 'விகீனா' வீட்டிலிருந்து, அஃதாவது அண்டை வீட்டிலிருந்து வந்தது என்றுள்ளது. மிகப் பழைய சுவடியிலோ 'திவீனா' வீட்டிலிருந்து, அஃதாவது தெய்வ வீட்டிலிருந்து வந்தது என்றுள்ளது. எழுத்துப் பிறழ்ச்சியால் இவ்விரண்டுள் ஒன்று மற்றொன்றாய் மாறுதல் எளிது. தமிழ்ச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகியோர்க்கு இத்தகைய மயக்கம் புதிதன்று.

எப்பாடம் சிறந்தது? தொன்மை பற்றிப் பின்னதனைக் கூர்செல் போற்றினார். யாம் அண்டை வீடு என்னும் பாடமே நூலின் போக்கிற்கு ஏற்றது எனக் கருதுகின்றோம். குரல் தெய்வ வீட்டிலிருந்து வந்தது என்று முன்னரே உரைத்துவிட்டால், சிறார் விளையாட்டுப் பாடல் இதுவோ என்று அவர் தம்முள் வினவுதற்கு இடமில்லை. அண்டை வீட்டுக் குழந்தையின் குரல் என்றால் அவ்வினா இயல்பாக எழும். அன்றியும், அகுஸ்தீனார் வேறிடங்களிலும் இதே முறையிற் கதை கூறுகின்றார் என்பது அடுத்து நாம் காணும் சான்றுகளால் விளங்கும்.

4. அறியாது உரைப்போர்

ஆறாம் பகுதியில் அலிப்பியுஸ் என்னும் நண்பரைப் பற்றிய செய்தி வருகின்றது. கார்த்தேஜ் நகரில் இருந்தபொழுது அவர் வட்டரங்கக் காட்சிகளில் கட்டுண்டு கிடந்தார். ஒருநாள் அகுஸ்தீனார் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும்போது, பொருளை விளக்குதற்பொருட்டு அவ்வரங்கத்திலிருந்தே உவமை எடுத்து, அதன்மேற் பித்துக் கொண்டோரை எள்ளி நகையாடினார். அலிப்பியுஸ் அங்கு வந்து அமர்ந்திருந்தார். ஆசிரியரோ அவரை மனத்திற் கொண்டு பேசவில்லை. இறைவன் அறிய அதனைத் தாம் எண்ணவேயில்லை என்கின்றார். ஆயினும் அலிப்பியுஸ் அது தம்மையே குறித்ததெனக் கொண்டு அப்பழக்கத்தை விட்டார்.

ஒன்பதாம் பகுதியில் அன்னை மோனிக்காவின் இளமை நிகழ்ச்சி ஒன்று உண்டு. சிறுகச் சிறுக மதுவருந்தப் பழகிய அச்சிறுமியைப் பணிப்பெண் ஒருத்தி சினத்தாற் குடிகாரி எனப் பழித்தாள். திருத்தும் எண்ணம் அவளுக்கில்லை, புண்படுத்துதலே நோக்கம். எனினும் அச்சுடுசொல் மோனிக்காவைத் திருத்திற்று. பணிப்பெண்ணின் தீய நோக்கத்தை அகுஸ்தீனார் நல்லதாக்கிக் காட்டவில்லை. சொன்னவள் குற்றம் அவளுடையதே. விளைந்த நலம் இறைவனுடையது என்று பிரித்துரைக்கின்றார்.

ஆய்மகளும், ஆசிரியரும், பணிப்பெண்ணும், அண்டை வீட்டுச் சிறாரும் ஒரு நிரையில் நிற்பவர். எவரும் தாம் உரைப்பது பிறர்க்கு என்னவாகும் என்று அறியார். இங்கே குரலுக்கு இயற்கைக்கு மீறிய தோற்றம் வேண்டப்படவில்லை. பொருள் பிறக்கும் இடம் சொல்வோர் வாயன்று; கேட்போர் உள்ளம்.

அங்ஙனமாயின் விரிச்சிக்கும் இதற்கும் வேறுபாடு யாது? யாம் காண்பன மூன்று. முதுபெண்டிர் குறியைத் தேடிச் சென்றனர். அலிப்பியுசும் மோனிக்காவும் தேடாதிருக்கவே அது வந்தது. விரிச்சி வருவது உரைக்கும். இங்குச் செய்யத்தக்கது உரைக்கப்படுகின்றது. விரிச்சியின் உண்மை அந்தத் தற்செயலையே தாங்கி நிற்கும். ஆய்மகள் அவ்வேளை பேசாதிருந்தால் முதுபெண்டிர்க்குச் சொல்ல ஒன்றுமில்லை. பவுலடியாரின் அறிவுரையோ எந்நாளில் எவ்விதம் திறந்து படித்தாலும் அதே உண்மையுடையது. தற்செயல் அதனை உண்மையாக்கவில்லை. அதனைத் தள்ளிப்போடாதவாறு ஒருவர்முன் நிறுத்திற்று.

இம்மூன்றாவது வேறுபாடே நாம் மேற்கண்ட முரணைத் தீர்ப்பது. ஏட்டின் அடி ஒருவன் நிலைக்குப் பொருந்துதல் தற்செயல் என்று மருத்துவர் கூறியது எட்டாம் பகுதியிலும் மறுக்கப்படவில்லை. பொருத்தம் தற்செயலாகவே இருக்கலாம். அகுஸ்தீனார் பணிந்தது பொருத்தத்திற்கன்று, கட்டளைக்கு. சோதிடன் கூற்று, பொருந்தியது என்பதையன்றி வேறு சான்று இல்லாதது. ஆகவே பொருத்தம் தற்செயல் என்று காட்டியவுடன் அது வீழ்கின்றது.

5. வாய்க்காலில் வீழ்ந்த இலை

தற்செயல் என்னும் சொல்லையே அகுஸ்தீனார் எவ்வாறு ஆண்டார் என்பதும் நோக்கத்தக்கது. தோட்ட நிகழ்ச்சிக்குப் பின் சில திங்களில் அவர் காசிசியாக்கும் என்னும் ஊரில் நண்பரோடும் மாணாக்கரோடும் தங்கியிருந்தார். அங்கு எழுந்த 'ஒழுங்கு' பற்றிய உரையாடல் நூல் ஓர் எளிய நிகழ்ச்சியோடு தொடங்குகின்றது. இரவில் விழித்திருந்தவர், வெளியே வாய்க்கால் நீரின் ஒலி ஒருகால் மிக்கும் ஒருகால் குறைந்தும் கேட்பதனை உணர்ந்து காரணம் யாதெனச் சிந்தித்தார். இலையுதிர் காலமாதலின் சருகுகள் குறுகிய வாய்க்காலில் அடைந்து நீரைத் தடுக்கின்றன. நீர் பெருகி அவற்றைத் தள்ளுகின்றது. மீண்டும் அடைகின்றன என்று மாணாக்கர் ஒருவர் விடை கூறினார். அதனை ஏற்று, காரணமின்றி நிகழ்வது ஏதேனும் உண்டோ என்னும் ஆராய்ச்சிக்குள் அனைவரும் புகுகின்றனர். சருகு அடைத்தது என்று அறிந்தபின் வியப்பு ஒழியவில்லை; அவ்வறிவிலிருந்தே பிறக்கின்றது. இயற்கைக் காரணமும் இறைவன் ஒழுங்கும் ஒன்றையொன்று தள்ளுவன அல்ல என்னும் கருத்துக்கு இது தக்க அடிப்படை.

முதுமையில், 427ஆம் ஆண்டையொட்டித் தம் நூல்களையெல்லாம் மீளாய்வு செய்தபொழுது, இளமை நூல்களில் ஊழ்த்தெய்வத்தின் பெயரைப் பன்முறை வழங்கியமைக்கு அவர் வருந்தினார். ஆயினும் 'தற்செயலாக' என்னும் பொருளுடைய சொற்களை வழங்குதல் எச்சமயத்திற்கும் மாறன்று என்றும் எழுதினார். யாவும் இறைவன் காப்பிற்கு உட்பட்டன என்னும் எண்ணம் வேண்டும் என்பதே அவர் வைத்த வரம்பு.

6. எல்லை கடந்த பொருள்கோள்

இனி, இவ்வாராய்ச்சியில் மிக அருமையான இடத்திற்கு வருகின்றோம். தற்செயலில் அருள் காண்போர் தமக்கு நேர்ந்த நன்மையை இறைவன் செயல் என்பர். அங்ஙனமாயின் பிறர்க்கு நேர்ந்த தீமை யார் செயல்?

421ஆம் ஆண்டையொட்டி எழுதிய கையேட்டில் அகுஸ்தீனார் தமக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுகின்றார். பயணத்தில் ஒரு கவர்வழியில் தவறான பாதையிற் சென்றமையால், சரியான பாதையில் படைக்கலத்தோடு பதுங்கியிருந்த பகைவரிடமிருந்து உயிர் தப்பினார். அவர் மாணாக்கராகிய பொசீதியுஸ் எழுதிய வரலாற்றிலும் இது காணப்படுகின்றது. வழி தப்பியமைக்கு இருவரும் இறைவனுக்கு நன்றி கூறினர். ஆயினும் அகுஸ்தீனார் இதனை எடுத்துக்காட்டிய இடம் பிழையைப் பற்றிய ஆராய்ச்சி. காலின் வழியில் நேர்ந்த பிழை நலம் பயந்தது. ஒழுக்க வழியில் நேரும் பிழை அவ்வாறாகாது என்று வரையறுக்கின்றார். நன்மை விளைந்தமையாற் பிழை பிழையாகாதொழியாது என்பது அவர் கருத்து.

அன்று சரியான பாதையிற் சென்று துன்புற்றவர் இருந்தால், அவர் இறைவனால் கைவிடப்பட்டவர் என்று அவர் எழுதவில்லை. லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இதற்கு வலிய தடை உண்டு. சீலோவாம் கோபுரம் வீழ்ந்து 18 பேர் மாண்டனர். அவர் பிறரினும் மிக்க குற்றவாளிகள் என்னும் எண்ணத்தை இயேசு பெருமான் வெளிப்பட மறுத்து, கேட்டுநின்றவரையே மனந்திரும்புமாறு பணிக்கின்றார். இதனின்றும் ஒரு வரம்பு பெறப்படுகின்றது. தற்செயலின் பொருளைத் தன்மையிற் கூறுதல் நன்றியாகும். படர்க்கையிற் கூறுதல் தீர்ப்பாகும். எனக்கு நேர்ந்தது என்னைத் திருத்துக என்பது சமயம். அவனுக்கு நேர்ந்தது அவன் வினையைக் காட்டுகின்றது என்பது சமயப் போர்வையிட்ட கொடுமை.

முறையாக்குதல் மற்றொரு கேடு. தமக்கு ஒருமுறை நேர்ந்ததனை அகுஸ்தீனார் பிறர்க்கு வழியாக விதிக்கவில்லை. 400ஆம் ஆண்டையொட்டி யனுவாரியுஸ் என்பார்க்கு எழுதிய கடிதத்தில், நற்செய்தி ஏட்டைத் திறந்து குறி பார்ப்போர் பேய்களை நாடுவோரினும் மேலாயினும், மறுமைக்கென உரைத்த சொல்லை உலகியல் அலுவலுக்குத் திருப்பும் அவ்வழக்கம் தமக்கு உடன்பாடன்று என்கின்றார். ஆயினும் அவ்வழக்கம் ஒழியவில்லை. 506இல் பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள ஆக்து நகரிற் கூடிய சங்கம், இவ்வாறு குறி பார்ப்போரைக் குருவாயினும் பொதுமக்களாயினும் விலக்கிவைக்குமாறு விதித்தது. மூடநம்பிக்கை ஒரு சமயத்தாரின் தனியுடைமையன்று என்பதற்கு அச்சங்கத்தின் விதியே சான்று.

தமிழ்நாட்டுக் கிறித்தவர் பலர் புத்தாண்டில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கமும் ஈண்டு எண்ணத்தக்கது. அவ்வட்டையை அவ்வாண்டு முழுதும் நெஞ்சிற் பதிக்கும் நற்சொல்லாகக் கொள்வார்க்கு அஃது இனிய வழக்கமே. ஆனால் அதனை ஆண்டுப் பலனாகக் கொள்வாரும் உளர். பெயரிலேயே ஓர் உண்மை அடங்கியுள்ளது: அட்டைகளில் இருப்பன வாக்குத்தத்தங்கள். அகுஸ்தீனாரின் கண்ணிற் பட்டதோ கட்டளை. தம்மை மாற்றப் பணிக்கும் அடியையும் அதே ஆர்வத்தோடு எடுப்போமா என்று ஒவ்வொருவரும் தம்மை வினவிக்கொள்ளலாம்.

7. முடிவுரை

புதிய ஏற்பாட்டில் தற்செயலைக் குறிக்கும் ஒரு கிரேக்கத் தொடர் ஒரேயோரிடத்தில் வருகின்றது. அது லூக்கா 10ஆம் அதிகாரத்து நல்ல சமாரியன் உவமை. கள்வர் கையில் அடிபட்டு ஒருவன் கிடந்த வழியே ஆசாரியன் ஒருவன் வந்தான் என்னுமிடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பும் தற்செயல் என்னும் சொல்லையே ஆள்கின்றது. ஆசாரியன் வந்ததும் தற்செயல். அவன் பின்னே லேவியனும் சமாரியனும் வந்ததும் அத்தகையதே. மூவர்க்கும் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று. இருவர் விலகிச் சென்றனர், ஒருவன் நின்றான். அவன் நின்றமையால் அத்தற்செயல் பொருளுடையதாயிற்று. இது குறியா, இறைவன் அனுப்பியதா என்று அவன் ஆராய்ந்ததாக உவமை கூறவில்லை. எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துப் புண்களைக் கட்டினான் என்றே கூறுகின்றது.

இந்நிலையில் முல்லைப்பாட்டினை மீண்டும் நோக்குவோம். முதுபெண்டிர் விரிச்சியைக் கூறித் தேற்றியபின்னும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை. நற்சொல் கேட்டாயிற்று என்று அவள் துயர் ஒழிந்ததாகப் புலவர் பாடவில்லை. அவள் ஆற்றியிருக்க முயன்று வருந்துவதையும், இறுதியில் தலைவன் படையின் ஆரவாரம் அவள் செவியில் நிறைவதையுமே பாடுகின்றார். குறி ஒன்றே உள்ளத்திற்கு அமையாது என்பதனை அவரும் அறிந்திருந்தார் போலும். ஆகவே விரிச்சியைப் பாடிய புலவரை மூடநம்பிக்கையுடையார் என ஒதுக்குதல் தவறு. அகுஸ்தீனாரைக் குறி பார்த்தவர் என எள்ளுதலும் தவறு.

தற்செயலில் இறைவன் கையைக் காணுதல் நம்பிக்கைக்கு உரியது. ஆராய்ச்சியால் அதனை நாட்டவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஆராய்ச்சி செய்யக்கூடியது ஒன்று உண்டு. கண்டதாகக் கூறுவோர் இயற்கைக் காரணத்தை மறைத்தனரா, பிறர்மேற் தீர்ப்புரைத்தனரா, தம் நலத்திற்குக் குறி தேடினரா, அன்றித் தம் நடையை மாற்றினரா என்று வினவுதலே அது. இவ்வினாக்கள் முன்னே ஒப்புகை நூலின் எட்டாம் பகுதி நிலைநிற்கின்றது என்பது எம் துணிபு.